புல்லுக்கு வண்டி வந்த கதை

"வீடு பூட்டியிருந்தது" என்று மூன்றாவது தடவையாகக் குறுஞ்செய்தி வந்தபோது நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். அலங்காநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. கூரியர் தம்பிக்குப் போன் போட்டால், "அண்ணே, பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கங்க" என்கிறார். கடைசியில் டீக்கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். பெட்டி மேல் பஜ்ஜி எண்ணெய்.

உள்ளே உரம் தூவும் கைவண்டி. தள்ளினால் அடித்தட்டு சுழன்று உரத்தை விசிறும். போன தடவை புல்தரைக்கு யூரியாவைக் கையால் வீசினேன். பிடியாக விழுந்த இடத்தில் அருகம்புல் கருகியது, விழாத இடம் வெளிறிக் கிடந்தது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), குவிந்தால் கருகத்தானே செய்யும்?

இந்த முறை 1,000 சதுர அடிக்கு ஒரு கிலோ. வண்டியில் உரம் விழும் துவாரத்தைச் சிறிதாக வைத்து, பாதியைக் கிழமேலாக, மீதியைத் தென்வடலாக. நிரப்பும்போது சிந்தும் என்பதால் சிமெண்டுத் தரையில் வைத்தே நிரப்பினேன். புல் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர்.

"ஏய்யா, மாடில்லாத வீட்டுல புல்லுக்கு உரமா?" என்றார் பக்கத்து வீட்டு அப்பத்தா. பத்து நாளில் திட்டு இல்லாத பச்சை. நேற்று அவருடைய வெள்ளாடு வேலி தாண்டி வந்து நின்றது.