விதி எழுதுவது பாதி வேலைகூட இல்லை

பம்பின் கோளாறைக் கண்டறியும் அறிவுசார் அமைப்பு ஒன்றை, அதாவது நிபுணரின் அறிவை "இப்படி இருந்தால் இதுதான் காரணம்" என்ற விதிகளாக வைத்து முடிவு சொல்லும் கணினி நிரலை, கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிபுணரிடம் "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டால் பொதுப் பாடம்தான் கிடைக்கும். பழைய பழுதுப் பதிவுகளை முன்னால் வைத்து, "அடுத்து எதைப் பார்ப்பீர்கள், ஏன்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விதிகள் வெளியே வரும்.

வந்ததை உடனே கணினியில் ஏற்ற வேண்டாம். முதலில் முடிவு அட்டவணை போடுங்கள்: நிலைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கட்டம், அதில் அதற்கான முடிவு. வெப்பம் மூன்று நிலை, அழுத்தம் மூன்று நிலை, அதிர்வு உண்டு அல்லது இல்லை என்றால் 18 கட்டங்கள். எது காலி, எதில் இரண்டு முடிவுகள் மோதுகின்றன என்பது பார்த்தாலே தெரியும். "80 டிகிரிக்கு மேல்", "80 டிகிரிக்குக் கீழ்" என்று இரண்டு விதிகள் இருந்து, சரியாக 80 வந்தால் எந்த விதியும் இயங்காது. சென்சார் பழுதாகி மதிப்பே வராதபோது அதை "அதிர்வு இல்லை" என்று எடுத்துக்கொள்வது இன்னும் மோசம். "தெரியவில்லை" என்பதை மூன்றிலும் தனி நிலையாகச் சேருங்கள். 18 கட்டங்கள் 48 ஆகும். அலுப்புதான், ஆனால் ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரே விதி இரண்டு வடிவங்களில் நுழைவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ அறிவுசார் அமைப்பின் வழியில், ஒரு முடிவு எவ்வளவு உறுதி என்பதைக் காட்டும் உறுதி எண்ணை ஒவ்வொரு விதியோடும் சேர்க்கும் அமைப்புகளில் இது ஆபத்து. 0.6, 0.5 என இரண்டு விதிகள் ஒரே முடிவை ஆதரித்தால், முதல் விதி விட்டுவைத்த 0.4-இல் பாதியை இரண்டாவது சேர்க்கும்; கணக்கு 0.6 + 0.5 × 0.4 = 0.8. இரண்டும் ஒரே சென்சாரை நம்பியிருந்தால், புதிய சான்று எதுவும் இல்லாமலே உறுதி ஏறிவிடும்.

விதிகள் மோதும்போது, எது முதலில் இயங்க வேண்டும் என்று சொல்லும் முன்னுரிமை எண்ணைக் கூட்டித் தப்பிப்பதும் வழக்கம். இத்தகைய அமைப்புகளைக் கட்ட உதவும் கிளிப்ஸ் (CLIPS) என்ற மென்பொருளில் அதற்கு -10000 முதல் 10000 வரை இடம் உண்டு. அத்தனை இடம் இருப்பதே வம்பு! மோதலுக்குக் காரணம் அநேகமாக ஒரு விதியில் விடுபட்ட நிபந்தனை. அதைத் தேடிச் சேர்ப்பதே சரி.

ஒவ்வொரு விதியோடும் அதை எழுதத் தூண்டிய பழுதுப் பதிவையும் சேமியுங்கள். புதிய விதி சேரும்போதெல்லாம் எல்லாப் பதிவுகளையும் மறுபடி ஓட்டுங்கள். பழைய முடிவு மாறினால், அந்தப் பழைய பதிவையும் புதிய விதியைத் தூண்டிய பதிவையும் நிபுணரிடம் காட்டி வித்தியாசம் எதில் என்று கேளுங்கள். அவர் சொல்லும் வித்தியாசமே புதிய விதியில் சேர வேண்டிய நிபந்தனை. வித்தியாசமே இல்லை என்றால் பழைய முடிவு தவறு; அதைத் திருத்தி, காரணத்தையும் தேதியையும் அந்தப் பதிவிலேயே குறித்துவிடுங்கள்.