31ஆம் நாளும் 28 நாள் கணக்கும்

லண்டனில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் எழுபது வயதைக் கடந்த அக்கா ஒருவர், யாழ்ப்பாணத்தில் தங்கை காலமான செய்தி வந்த அன்றிரவே விமானச்சீட்டுத் தேடத் தொடங்கினார். அவருடைய கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டு வாடகையின் பெரும்பகுதியை ஹவுசிங் பெனிபிட் என்னும் அரசின் வாடகை உதவிதான் கட்டுகிறது. சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருவரும் பென்சிலால் நாள் எண்ணினோம். இறந்து 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. மூன்றாம் நாள் புறப்பட்டால், அந்தியேட்டி அன்று அவர் வீட்டை விட்டு வந்து 29ஆவது நாள். வெளிநாட்டில் இருக்கும்போது வாடகை உதவி தொடரச் சட்டம் தருவதோ 4 வாரம்.

முன்பு இந்த நெருக்கடி இருக்கவில்லை. திரும்பி வரும் எண்ணத்தோடு, வீட்டை எவருக்கும் வாடகைக்கு விடாமல் போனால், வெளிநாடென்றாலும் 13 வாரம் வரை உதவி தொடர்ந்தது. 2016 ஜூலை 28 முதல் பிரித்தானியாவுக்கு வெளியே செல்வோருக்கு அது 4 வாரமாகக் குறுக்கப்பட்டது. நாட்டுக்குள்ளேயே வேறிடம் போய்த் தங்குவோருக்கு 13 வாரமும், மருத்துவமனையில் இருப்போருக்கு 52 வாரமும் அப்படியே இருக்கின்றன. பலர் தவறவிடுவது இன்னொன்று: 4 வாரத்துக்கு மேல் தங்கும் நோக்கத்துடன் புறப்படுபவருக்கு முதல் 4 வாரமும் கிடைக்காது, புறப்பட்ட நாளிலிருந்தே உதவி நின்றுவிடும். ஆகவே ஆறு வாரச் சீட்டை எடுத்துவிட்டு, நான்கு வாரத்துக்காவது பணம் வரும் என்று நம்பியிருப்பது வீண்.

இறப்புக்கு மட்டும் ஒரு தளர்வு உண்டு. நெருங்கிய உறவினர் இறந்து, 4 வாரத்துக்குள் திரும்புவதை எதிர்பார்ப்பது நியாயமன்று என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால், மேலும் 4 வாரம் கிடைக்கும். அக்காவுக்கு அது பொருந்தியது, ஏனெனில் உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், மாமனார், மாமியார், பிள்ளைகளின் கணவன் மனைவியர் ஆகியோரும் இருக்கிறார்கள். தாயைப் போல் வளர்த்தெடுத்த சின்னம்மாவோ தாய்மாமனோ இல்லை. பொதுப்பணத்தில் வாடகை கட்டும் அரசு நாள் எண்ணுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யார் உறவு என்பதை இவ்வளவு குறுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாடகை உதவி நின்றால் வீடே போய்விடும் என்று எங்களவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு. கவுன்சில் குடியிருப்புரிமை 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்படி அமைவது. அது நாட்களை எண்ணுவதில்லை, அந்த வீடுதான் ஒருவருடைய ஒரே அல்லது முதன்மையான வசிப்பிடமா என்றுதான் கேட்கிறது. தளபாடங்களும் உடைமைகளும் அங்கேயே இருந்து, திரும்பும் எண்ணமும் உண்மையாக இருந்தால், சில மாதப் பயணத்தால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் வாடகை நிலுவை சேர்ந்தால் அந்த வழியில் வீட்டுக்கு ஆபத்து வரும். முழு வீட்டையும் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டாலோ உரிமை போகும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகலாம்.

புறப்படும் முன்பே இறப்பையும் அந்தியேட்டி நாளையும் திரும்பும் திகதியையும் குறிப்பிட்டுக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினோம். அந்தியேட்டி என்பதை ஆங்கிலத்தில் விளக்கவே ஒரு பத்தி பிடித்தது. அக்கா ஐந்தாவது வார இறுதியில் திரும்பினார். வாடகை உதவி நிற்கவில்லை. ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டத்திவசத்துக்கு மூன்று வாரச் சீட்டுத்தான் எடுப்பேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.