பாட்டி சொன்னால் கேக்கணும்

இன்னிக்கு மாவு மெஷின்ல ஒரு பாட்டி, டின்னுக்குள்ள கையை விட்டுட்டு, "மாவு சூடா வருதேப்பா, கல்லு உரசுது"ன்னாங்க.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ பாட்டி."

லெல்லா லொம்பார்டி ஞாபகம் வந்துச்சு. 1941ல பிறந்த இத்தாலி கார்ப்பந்தய வீராங்கனை, நம்ம பாட்டிகள் வயசு.

1975 ஏப்ரல் 27, பார்சிலோனாவோட மொன்சுவிக் பந்தயப் பாதை. 75 சுத்து ஓட வேண்டிய பந்தயம், விபத்தால 29லயே நின்னுபோச்சு. அதனால பாதிப் புள்ளிதான். ஆறாவதா வந்த லெல்லாவுக்கு 0.5. ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில புள்ளி வாங்கின ஒரே பெண், இன்னிக்கு வரைக்கும்.

அரைப் புள்ளிதானேன்னு இளக்காரமாப் பேசுறவங்க அவங்க ஓட்டின மார்ச் 751ங்கிற காரைப் பத்தியும் பேசணும். வளைவுல பின்பக்கம் சரியில்லைன்னு லெல்லா சொல்லிட்டே இருந்தாங்க. யாரும் காதுல போட்டுக்கல.

மறுவருஷம் அதே காரை ரோனி பீட்டர்சன்ங்கிற ஆண் வீரர் ஓட்டினார். அதே புகார். இந்தத் தடவை பிரிச்சுப் பார்த்தாங்க. பின் பல்க்ஹெட்ல, அதாவது காரோட பின்பக்கக் குறுக்குச் சட்டத்துல, விரிசல்! சக்கரத்தைக் காரோட இணைக்கிற சஸ்பென்ஷனோட பாரத்தைத் தாங்குற இடம். அது விட்டுக்கொடுத்தா சக்கரம் எப்படி நேரா நிக்கும்?

மெஷின்காரர் அடுத்த டின் போடுறதுக்கு முன்னாடி கல்லைக் கொஞ்சம் தளர்த்தினார். பாட்டி பக்கம் திரும்பாமலே.