ஆய்வாளரும் விக்கிப்பீடியரும் கூடும் மாநாடு: எந்தச் செலவு எந்தக் கணக்கில்?

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அரசு நிறுவனங்களின் மருத்துவ ஆய்வாளர்களையும் தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களையும் சென்னையில் இரண்டு நாள் ஒரே அரங்கில் உட்கார வைக்கப் பெரிய தொகை தேவையில்லை. அறுபது பேர், அவர்களில் வெளியூர்த் தன்னார்வலர்கள் இருபத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு ஓர் அறை என்று 13 அறை, இரண்டு இரவு, அறை 2,500 ரூபாய் என்றால் 65,000. ரயிலில் மூன்றடுக்கு ஏசியில் போக வர ஆளுக்குச் சராசரி 3,000 என்றால் 75,000. சாப்பாடு, தேநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 என்றால் 72,000. ஒளிப்பதிவு 30,000, அச்சு 12,000, மாற்று இணைய இணைப்பு 8,000. பத்து விழுக்காடு எதிர்பாராச் செலவையும் சேர்த்தால் சுமார் 2 லட்சத்து 88 ஆயிரம். அரங்கு ஆய்வு நிறுவனத்தினுடையது, வாடகை இல்லை. வெளியே எடுத்தால் வாடகையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும்.

இந்தத் தொகையைத் திரட்டுவதைவிட, எந்தப் பணத்தில் யாருக்கு எதைச் செலவிடலாம் என்று பிரிப்பதில்தான் நேரம் போகிறது. பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோவதும் அங்கேதான். ஆகவே பட்ஜெட்டை "பயணம், உணவு, தங்கல்" என்று மட்டும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் "பெறுபவர் யார், கொடுக்கும் பணம் எது" என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். பணம் மூன்று வகை: அரசு மானியம், வெளிநாட்டு நன்கொடை, உள்நாட்டு நன்கொடை.

வெளிநாட்டுப் பணத்தில் தொடங்குவோம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ரேபிட் ஃபண்ட் என்னும் சிறு நிதியுதவி 500 முதல் 5,000 டாலர் வரை தருகிறது. மேலே சொன்ன அளவுக் கூட்டத்துக்கு அதுவே போதும். ஆனால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ), பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. பதிவு கேட்டு எஃப்சி-3ஏ படிவம் போட அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். சிறிய தன்னார்வலர் குழு இந்த வாசலைத் தாண்டுவது அரிது. எஃப்சி-3பி வழியாக முன் அனுமதி கேட்கலாம்: ஒரே நன்கொடையாளர், ஒரே திட்டம், குறிப்பிட்ட தொகை, கூடவே நன்கொடையாளரின் உறுதிக் கடிதம். சாதாரணமாக 90 நாளில் முடிவு என்கிறது சட்டம்; அந்தக் கணக்கை நம்பி மாநாட்டுத் தேதி குறிக்க வேண்டாம்.

நடைமுறையில் எளிய வழி, ஏற்கெனவே எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்பு ஒன்றையே விண்ணப்பதாரராக்குவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின், பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் ஆளுக்கும் மாற்றித் தர முடியாது. "அவர்கள் கணக்கில் வாங்கி நம் கணக்கில் போடுவார்கள்" என்ற பழைய ஏற்பாடு அன்றோடு போயிற்று. அந்த அமைப்பே விடுதிக்கும் சமையல் ஒப்பந்தக்காரருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். ரசீதுகள் எல்லாம் அதன் பெயரில் வர வேண்டும். ரயில் டிக்கெட்டையும் அவர்களே எடுத்துத் தருவது நல்லது. பணம் முதலில் வந்திறங்குவது புது தில்லி சன்சத் மார்கில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில். அங்கிருந்து உள்ளூர்க் கணக்குக்கு வரும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு வரம்பு உண்டு. ஒருங்கிணைப்பாளர் சம்பளம், கணக்காளர் கட்டணம் எல்லாம் அதற்குள்தான்.

அடுத்தது அரசு ஆய்வாளர்கள். அரசு ஊழியர் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதை எஃப்சிஆர்ஏ மூன்றாம் பிரிவு தடுக்கிறது. 2020இல் அந்தப் பட்டியலில் "பொது ஊழியர்" என்பதும் சேர்ந்தது. ஐசிஎம்ஆர் ஒரு பதிவு பெற்ற சங்கம்தானே, அதன் விஞ்ஞானி இதில் வருவாரா என்று வாதாட இடமிருக்கலாம். வாதாடாதீர்கள். ஆய்வாளரின் அறை, டிக்கெட், மதிப்பூதியம் எதுவும் வெளிநாட்டுக் கணக்கில் வரவே கூடாது என்று முதல் நாளே முடிவெடுத்துவிட்டால் தணிக்கையில் கேள்வி எழ இடமில்லை. மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1964, விதி 13 சாதாரண ஒருவேளைச் சாப்பாட்டையும் வண்டியில் ஏற்றிச் செல்வதையும் பரிசாகக் கருதுவதில்லை. அதனால் மதிய உணவு சிக்கலில்லை. அதையும் உள்நாட்டு நன்கொடையில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. நினைவுப் பரிசாகச் சால்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆய்வாளர் எப்படி வருவார்? அலுவல் பயணமாக, தன் நிறுவனத்தின் பயணப்படி, தினப்படியில். அதற்கு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு உங்கள் அழைப்புக் கடிதம் வேண்டும். "தாங்கள் கலந்துகொள்ள அன்புடன் அழைக்கிறோம்" என்ற மொட்டைக் கடிதம் கோப்பில் நகராது. தேதி, இடம், ஆய்வாளர் பேசும் தலைப்பு, அமர்வின் நேரம், பதிவுக் கட்டணம் இல்லை என்பது, தங்கலையும் பயணத்தையும் யார் ஏற்கிறார்கள் என்பது, இவை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அரசுச் செலவில் விமானம் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். 21 நாளுக்கு முன்பே எடுக்கச் சொல்லி நிதி அமைச்சகம் 2022இல் அறிவுறுத்தியது. இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடிதம் இரண்டு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். உள்ளூர் ஆய்வாளர்களையே அதிகம் அழைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் இருக்கும்போது, தில்லியிலிருந்து நால்வரை வரவழைப்பது மேடைக்கு அழகே தவிர வேலைக்கு உதவாது.

அரசு மானியம் வேண்டுமென்றால் ஆய்வு நிறுவனமே விண்ணப்பிக்கட்டும். அவர்களுக்கு அந்தக் கதவு பழக்கம். தன்னார்வ அமைப்பு விண்ணப்பித்தால் தர்பன் எண் (நிதி ஆயோக் தளம் தன்னார்வ அமைப்புக்குத் தரும் அடையாள எண்), பிஎஃப்எம்எஸ் (அரசின் நிதி மேலாண்மைத் தளம்) பதிவு, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை என்று காகித வேலை இரட்டிப்பாகும். நிறுவனம் தன் மானியத்தைத் தானே செலவிடும். நீங்கள் உங்களுடையதைச் செலவிடுவீர்கள். இரண்டு கணக்குக்கும் இடையே ஒரு ரூபாய்கூட நகராது. இந்த ஏற்பாட்டை ஒரு புரிந்துணர்வுக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் சட்டப் பிரிவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு தரப்பு விண்ணப்பத்திலும் மற்ற நிதி ஆதாரத்தைக் குறிப்பிட வேண்டும். மறைத்தால் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாக ஆகிவிடும்.

தேதிக்கு நவம்பர், டிசம்பர் வசதி. மார்ச் 31க்குள் செலவாகாத மானியம் திரும்பிப் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் எந்தக் கணக்குப் பிரிவும் புதிய பில்லை நிம்மதியாகப் பார்க்காது. மானியத்தின் ஒரு பகுதி நிகழ்ச்சி முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகே வரும் என்பதும் உண்டு. சமையல்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். அந்த இடைவெளிக்கு உள்நாட்டு நன்கொடையில் ஒரு லட்சம் கையிருப்பு வேண்டும்.

அந்த உள்நாட்டு நன்கொடை மருந்து நிறுவனத்திடமிருந்து வரக் கூடாது. கேட்டால் கொடுப்பார்கள், அதுதான் பிரச்சினை. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பயணமும் உபசரிப்பும் பெறுவதை 2009 முதல் மருத்துவ நெறிமுறை விதிகள் தடுக்கின்றன; மருந்து விற்பனை நெறிமுறைத் தொகுப்பு 2024இல் இன்னும் இறுகியது. அதைவிட, பின்னணிப் பதாகையில் மருந்து நிறுவனச் சின்னம் இருந்தால் அங்கே திருத்தப்படும் நீரிழிவுக் கட்டுரையை எந்த விக்கிப்பீடியரும் நம்ப மாட்டார்.

திட்ட முன்மொழிவில் எதை வாக்களிப்பது? நூறு புதிய கட்டுரை என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கு விக்கிப்பீடியா எதிர்பார்ப்பது பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரைகளையும் வழிகாட்டு நெறிகளையும். ஆய்வாளர் கையில் இருப்பதோ தன் சொந்த ஆய்வுத்தாள். அதை அவரே மேற்கோளாகச் சேர்த்தால் நலமுரண், மறுநாளே நீக்கப்படும். முப்பது பழைய கட்டுரைகளைத் தேர்ந்து, ஆய்வாளர் பிழை சுட்ட, விக்கிப்பீடியர் திருத்த என்று எழுதினால் நிதிக்குழுவும் ஏற்கும், நடக்கவும் நடக்கும். பணி நேரத்தில் அலுவலாகத் திருத்தும் ஆய்வாளர் தன் பயனர் பக்கத்திலோ கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ திருத்தச் சுருக்கத்திலோ பணியிடத்தைச் சொல்லியாக வேண்டும். 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிமுறை அப்படி. கட்டுரை எழுதக் கூலி என்று பட்ஜெட்டில் ஒரு வரி இருந்தால் விண்ணப்பமே அடிபடும்.

உரிமத்தையும் முன்மொழிவிலேயே தெளிவாக்குங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர் அலுவலாகப் படைத்தது அந்நாட்டில் பதிப்புரிமைக்கு வெளியே. 2009 ஜூலையில் அந்நாட்டின் பெத்தெஸ்டாவில் தேசியச் சுகாதார நிறுவனங்களில் விக்கிப்பீடியா பயிலரங்கு நடந்தபோது அங்கே இந்தக் கவலை இல்லை. இங்கே 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசுப் படைப்புக்கு அரசே உரிமையாளர், 60 ஆண்டு. ஆய்வு நிறுவனத்தின் படங்களும் துண்டறிக்கைகளும் விக்கிக்கு வர வேண்டுமானால் படைத்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்த விடும் சிசி-பை அல்லது சிசி-பை-எஸ்ஏ உரிமத்தில் இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் தேவை. "வணிக நோக்கமின்றி" என்ற ஒரு சொல் நுழைந்தாலும் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியாது.

ஒரு காசும் செலவாகாத, ஆனால் மறந்தால் முதல் நாள் காலையையே விழுங்கும் வேலை ஒன்று உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) ஒரு நாளில் ஆறு புதிய விக்கிப்பீடியா கணக்குதான் தொடங்க முடியும். நிறுவன வளாகம் முழுவதும் பெரும்பாலும் ஒரே ஐபி. ஏழாவது ஆய்வாளருக்குப் பிழைச் செய்தி வரும். ஒரு வாரம் முன்பே விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைத் தளமான ஃபேப்ரிகேட்டரில் ஐபி, தேதி, எண்ணிக்கை கொடுத்து விலக்குக் கேளுங்கள். அதைவிட, எல்லோரையும் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கச் சொல்வது மேல். மாற்று இணையத்துக்கு 8,000 ரூபாய் போட்டதும் இதற்காகத்தான்.

முடிந்த பின் கணக்கு மூன்று திசையில் போகும். ரேபிட் ஃபண்டுக்கு, திட்டக் காலம் முடிந்து 30 நாளுக்குள் அறிக்கை. மீதிப் பணத்தையும் சொல்லியாக வேண்டும். அரசு மானியத்துக்கு, பொது நிதி விதிகளின் (ஜிஎஃப்ஆர்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ். வங்கி தந்த வட்டியையும் அரசுக்குத் திருப்ப வேண்டும், பலர் விடுவது இதைத்தான். எஃப்சிஆர்ஏ அமைப்பு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் எஃப்சி-4 என்னும் ஆண்டுக் கணக்கறிக்கையைத் தாக்கல் செய்யும். அதற்கு உங்கள் ரசீதுகளின் மூலப் பிரதி கேட்பார்கள். ஆகவே வருகைப் பதிவேட்டில் பெயர், நிறுவனம், எந்த வேளைச் சாப்பாடு, கையெழுத்து என்று நாளுக்கொரு தாள் வைத்து, அரசு ஊழியர்களுக்குத் தனித் தாள் போடுங்கள். உணவு ரசீதை இரண்டு கணக்குக்குப் பிரிக்கும்போது அந்தத் தாளைத்தான் தணிக்கையாளர் கேட்பார்.