தாத்தா ஆடின டீம்

வான்கூவர்ல என்கூட வேலை பாக்குற ஜப்பானிய ஃப்ரெண்ட் நேத்து ஒரு பழைய குரூப் போட்டோ காட்டினா, அசாஹின்னு 1914ல இங்க ஜப்பானியர்கள் இருந்த பவல் தெரு ஏரியாவுல அவங்க ஆரம்பிச்ச பேஸ்பால் டீம், அதுல அவ தாத்தாவைத் தேடி ஒவ்வொரு மூஞ்சி மேலயும் விரல் வச்சுப் பாத்துட்டே வர்றா. ஆளு பெருசா இருந்த வெள்ளைக்கார டீம்களை பந்தை மெதுவா தட்டிவிட்டு ஓடியே ஜெயிச்ச பசங்க!! ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் எதிரி நாடானதும், 1942லருந்து கிட்டத்தட்ட 22,000 ஜப்பானிய கனடியர்களை கடலோரத்துலருந்து கிளப்பி அனுப்பிட்டு அவங்க வீடு கடை எல்லாத்தையும் கவர்மெண்டே வித்துருச்சு, டீமும் அதோட போச்சு. 2003லதான் அந்த டீமை கனடா பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்ல, சேத்தாங்க. என் ஃப்ரெண்ட் வீட்டு ஆல்பம் ஒண்ணுகூட மிஞ்சலையாம், இந்த டீம் போட்டோ மட்டும்தான்.

ரெண்டாவது வரிசைல காது விடைச்ச ஒருத்தரைப் பாத்ததும் "இது எங்கப்பா காது"ன்னா. எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.