பென்சிலால் எழுதிய பெயர்

இந்த ஆண்டும் இடமாற்ற விண்ணப்பப் படிவங்கள் அதிபரின் மேசைக்கு வந்தன. ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. அன்று மாலை கரவெட்டியிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "போட்டுவிட்டாயா?" இல்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே அப்படி என்ன இருக்கிறது, பிள்ளை?" என்றார். அதில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தொலைபேசியில் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை. 2014இல் முதல் நியமனத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு வந்தேன். விரும்பி வரவில்லை. கடிதத்தில் இருந்த ஊருக்கு வந்தேன், அவ்வளவுதான். முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று போய், நாயாற்றுப் பாலத்தைக் கடந்து கொக்கிளாய் வரை ஓடுகிற வீதி அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். அந்த வீதியில் உள்ள ஒரு சிறிய பாடசாலை. 'அதிகஷ்டப் பிரதேசம்' என்ற வகைப்பாட்டில் இருந்தது. சேவைக் காலத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். திங்கட்கிழமை விடியுமுன் நெல்லியடியில் ஏறி, கொடிகாமத்தில் ஏ-9 வீதிக்கு வந்து, பரந்தனில் இறங்கி, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு வந்து, அங்கே மறுபடியும் பஸ் மாற வேண்டும். அந்த முதல் ஆண்டில் ஒவ்வொரு திங்களும் ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்தபடி, இன்னும் எத்தனை திங்கள் என்று எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவதை நிறுத்தியது ஒரு கொப்பியால்.

தரம் 9 பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை இருந்தது. தரம் 6இலிருந்து அவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தவர்களின் பெயர்கள். நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த மாதம், போன மாதம். இரண்டாவது பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் இடையில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. ஏழு மாதம் யாரும் வராத காலம் அது. முதல் மூன்று பெயர்களும் நீலப் பேனையால். நான்காவது என் பெயர், பென்சிலால்.

அவளைக் கூப்பிட்டு, ஏன் என்னை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். பயந்துபோனாள். பிறகு மெதுவாக, "போனவர்களைத்தான் பேனையால் எழுதுவேன், ரீச்சர்" என்றாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அவளுடைய அனுபவத்தில் ஆசிரியர் என்பவர் வந்து போகிறவர். போனால்தான் அந்த வரி முடிந்ததாக ஆகும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு வருவதும் போவதும் ஆசிரியர்களோடு தொடங்கிய கதை அல்ல. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, போர் முடிந்த பிறகே திரும்பி வந்தார்கள். இடையில் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை, 2009இன் முள்ளிவாய்க்கால், பிறகு முகாம். என் மாணவர்களின் தகப்பன்மாரில் பலர் தரம் 5ஐ ஓர் ஊரிலும் தரம் 6ஐ இன்னோர் ஊரிலும், அதற்குப் பிறகு மரத்தடியிலும் படித்தவர்கள். தவணை அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது பேனையை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வரைவார்கள். அந்தக் கைகள் வலை பொத்துவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் முடிச்சுப் போடும் கைகள். படிக்க வேண்டிய வயதில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. அதே குறை பிள்ளைகளுக்கும் வரக் கூடாது என்றால், யாராவது ஒருவர் தரம் 6இல் பிடித்த வகுப்பைத் தரம் 11இன் சாதாரண தரப் பரீட்சை வரை விடாமல் கொண்டுபோக வேண்டும். இதைக் கணக்காகத்தான் சொல்கிறேன், உணர்ச்சியில் அல்ல.

கணக்கு என்றால் இதுதான். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவு அவற்றில் ஒன்று. மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் விஞ்ஞானத்துக்கு ஏழு மாதம் ஆள் இல்லாத ஒரு பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தடுக்கி விழுந்தால், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவின் வாசலுக்கே போக முடியாது. பிறகு எந்த ஒதுக்கீடு இருந்து என்ன? நகரத்துப் பாடசாலையில் நான் ஒரு மாதம் லீவு போட்டால் இன்னொரு விஞ்ஞான ஆசிரியர் என் வகுப்பைப் பார்த்துக்கொள்வார், அதோடு பின்னேரம் தனியார் வகுப்பும் இருக்கும். இங்கே நான் லீவு போட்டால் விஞ்ஞானமே லீவு.

ஆனால் கடமைக்காக மட்டும் ஒருவர் பதினோரு வருடம் ஓரிடத்தில் இருக்க மாட்டார். நான் இருப்பது இங்கே கற்பிப்பது எனக்குப் பிடித்திருப்பதால். ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஒரு செப்டெம்பர் மாதம், தரம் 9இல் அடர்த்திப் பாடம். பாடசாலையில் ஆய்வுகூடம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. குளிர்பானம் குடிக்கும் குழாயை எடுத்து, அடியை மெழுகால் அடைத்து, உள்ளே கொஞ்சம் மணல் போட்டால் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி கூடக் கூட மிதவை மேலே எழும்பும். மூன்று ஜாம் போத்தல்கள்: ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர், மூன்றாவதில் ஒரு பையன் களப்பின் ஓரத்தில் அள்ளி வந்த தண்ணீர். களப்பு என்றால் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்தது, ஆகவே மிதவை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று என் பாடக் குறிப்பில் முதல் நாளே எழுதி வைத்திருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோடு போட்டோம். கடல் தண்ணீரில் மிதவை எழும்பியது, இன்னொரு கோடு. களப்புத் தண்ணீரில் விட்டபோது அது கடல் கோட்டுக்கும் மேலே, ஓர் எள்ளளவு, எழும்பி நின்றது. மெழுகு சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே எள்ளளவு. பிழையாகப் போத்தல் மாறிவிட்டது போல என்று சொல்ல வாயெடுத்தேன்.

கடைசி வாங்கிலிருந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த பையன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன், அதிகம் வராதவனும்கூட. "தொடுவாய் மூடி மூன்று மாதம், ரீச்சர். ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை. வெயிலுக்குத் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. ஓரத்தில் நடந்தால் காலில் வெள்ளையாகப் படியும்" என்றான்.

களப்பு கடலைத் தொடுகிற வாய்தான் தொடுவாய். கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கிற சொல். கோடையில் மண்மேடு கட்டி அது மூடிவிடும். பாடப் புத்தகத்தில் இருப்பது தொடுவாய் திறந்திருக்கும் களப்பு. இவன் சொன்னது அவன் கால் வைத்து நடக்கிற களப்பு. பாடக் குறிப்பில் எழுதியிருந்த விடையை அவன் முன்னாலேயே வெட்டிவிட்டு, ஆவியாதல் என்று கரும்பலகையில் எழுதினேன். அடுத்த நாள் அவன் மூன்று இடங்களிலிருந்து மூன்று போத்தல் கொண்டுவந்தான். அந்த வருடம் முழுக்க மாதம் ஒருமுறை அளந்தோம். மார்கழி மழையில் தொடுவாய் உடைத்துக்கொண்டு வெள்ளம் கடலுக்குப் போன பிறகு, மிதவை கிட்டத்தட்டக் கிணற்றுக் கோடு வரை இறங்கியது. அந்த வரைபு இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது. மழைச் சாரல் பட்டு ஓரம் சுருண்டுவிட்டது.

அவன் ஏன் அதிகம் வராதவன் என்பதையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிவிட்டால் கரைவலைக் காலம். கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை அது. சூடை, கீரி, நெத்தலி மீன்கள் படும். பல இடங்களில் இப்போது உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள் என்றாலும் கைகள் வேண்டியிருக்கிறது. ஒரு பையன் போனால் ஒரு பங்கு மீன் வீட்டுக்கு வரும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் கரையில் கிடந்தன. கரைவலைக்கு ஆள் கூடியது, என் வகுப்பில் ஆள் குறைந்தது. பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். நான் வெறுங்கையோடுதான் போனேன். விடியற்காலையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசினேன். மூன்று நாள் போன பிறகு, பள்ளிப் பிள்ளைகளை மணி அடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே விட்டுவிடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். மணலும் முழங்கையில் ஒட்டிய செதிளுமாக ஓடி வருவார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு சவர்க்காரமும் பழைய துவாயும் வைக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் எரிபொருள் இல்லாமல் தூரத்து ஆசிரியர்கள் வர முடியாது தவித்தபோது, எனக்குப் பாடசாலை பத்து நிமிட நடை. ஊரில் தங்கியிருப்பதன் பெறுமதி எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

நான் தங்கியிருப்பது ஓர் ஆச்சியின் வீட்டில். வந்த புதிதில் நான் மீன் சாப்பிடுவதில்லை. ஆச்சிக்கு அது பெரிய கவலை. "கடற்கரைக்கு வந்து கீரை தின்றால் உடம்பு எப்படித் தேறும், பிள்ளை?" என்று சொல்லிச் சொல்லியே, மூன்றாம் வருடம் சூடை மீன் சொதியில் என்னை வெற்றிகொண்டுவிட்டார்.

இங்கே வேலை செய்வதற்கு மக்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நான் வெறுக்கிறேன். ஒன்று தண்டனை. பிழை செய்த ஆசிரியரை 'வன்னிக்குத் தூக்கி அடிப்பார்கள்' என்று ஆசிரியர் அறைகளிலேயே பேசுகிறோம். பிள்ளைகளின் காதில் அது விழாதா? தாங்கள் வாழும் ஊர் இன்னொருவருக்குத் தண்டனை என்று கேட்டு வளர்கிற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? மற்றது தியாகம். அதைச் சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தியாகம் என்று சொல்லிவிட்டால், ஆசிரியர் விடுதிக்குக் கூரை போட வேண்டியதில்லை, பின்னேர பஸ்ஸை ஒழுங்காக விட வேண்டியதில்லை, குடிநீர் கொடுக்க வேண்டியதில்லை. தியாகி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். என்னோடு வந்த இரண்டு பேர் நல்ல ஆசிரியர்கள். அவர்கள் போனது மனமில்லாமல் அல்ல, பூட்டுச் சரியில்லாத விடுதியறையில் இரவில் தனியே படுக்க முடியாமல்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நிற்கிறவர்களிலும் எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. எங்கள் ஆரம்பப் பிரிவு ரீச்சர் போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சம்பளம் இல்லாமல் தொடங்கி, பிறகு நிரந்தர நியமனம் பெற்றவர். இடம்பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அகரம் எழுதுவித்திருக்கிறார். அவரிடம் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் கேள்வியே விளங்காது. அதிபர் 1984இல் சிறு பிள்ளையாக இந்த வீதியால் வெளியேறியவர். தான் படித்த பாடசாலை இருந்த இடத்தைக் காட்டுவார், ஒரு கிணற்றுக் கட்டு மட்டும் இருக்கிறது.

எனக்கு இழப்பே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று நாயாற்றுப் பக்கம் வெள்ளம். மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக நான் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் கேள்விக்குள் அதுவும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அம்மாவை இங்கே கூட்டி வந்து, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே கடல் தண்ணீரில் எரியும் விளக்கை அம்மா பார்த்ததில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அட்டவணை போட்ட அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதிய அன்று, பரீட்சை மண்டபத்துக்குப் போகுமுன் கொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என் பெயர் அப்போதும் பென்சிலில்தான் இருந்தது, கொஞ்சம் மங்கிப் போயிருந்தது.

வருகிற திங்கள் கணிதத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார் என்று அதிபர் சொன்னார். மானிப்பாய்ப் பக்கத்துப் பிள்ளையாம், முதல் நியமனம். ஆச்சி பக்கத்து அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புதுப் பாய் போட்டிருக்கிறார். பூட்டை நான் போய் வாங்கி வந்தேன். பின்னேரம் தேத்தண்ணீர் தரும்போது ஆச்சி கேட்டார்: "வருகிற பிள்ளை மீன் சாப்பிடுமா?"