ஊரை மாற்றினேன், வேலையை மாற்றினேன்

பெயரைச் சொல்லவே இல்லை. ஊரை மாற்றினேன், வேலையை மாற்றினேன், வயதில் ஏழெட்டைக் கூட்டினேன். அப்படியும் எதிரே உட்கார்ந்திருந்த மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் நிறுத்துங்க. இவரை எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்" என்றார்.

சென்னையில் மனநல ஆலோசகர்களுக்கான ஒருநாள் கற்றல் கூட்டம். காலையில் சட்ட வகுப்பு, டீ, அப்புறம் மேஜைக்கு நான்கு பேராக கேஸ் பகிர்வு. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அது என்னவென்று முதல் வரைவில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். இல்லாமல் கட்டுரை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. அன்றைக்கும் அதே கதைதான்: அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டால் கேஸில் ஒன்றுமில்லை. அதைச் சொன்னதும் மேஜையில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் மேடத்தின் குரல்.

"நான் பேரே சொல்லலையே மேடம்" என்றேன்.

"பேரு எதுக்கு சார்?"

அவ்வளவுதான் பேச்சு. மீதி நேரத்தில் மற்றொருவர் தன் கேஸைச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அன்று காலை வகுப்பில்தான் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படித்திருந்தோம். ரகசியம் காக்கப்படுவது சிகிச்சை பெறுபவரின் உரிமை. அவருக்குச் சிகிச்சை தருவதற்காக மற்ற மனநல வல்லுநர்களிடம் தகவல் சொல்ல அதில் விலக்கும் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் நான் சொன்னது அவருடைய சிகிச்சைக்காகவா? பாதி ஆம். அவரோடு எனக்கு உண்மையிலேயே ஓரிடத்தில் வழி அடைத்திருந்தது. மீதி பாதி, அந்த ஒரு நொடி அமைதிக்காக. போதாக்குறைக்கு, சட்டம் சொல்லும் 'மனநல வல்லுநர்' வரையறைக்குள் என்னைப் போன்ற ஆலோசகர்கள் தானாக வந்துவிடுவதும் இல்லை.

மேடம் மீதும் கோபம் வந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? எல்லார் முன்னாலும் "தெரியும்" என்றதால், மற்ற இருவருக்கும் இவர் நிஜமாகவே பக்கத்தில் எங்கோ இருக்கும் ஆள் என்று புரிந்துபோனது. அதுவும் ஒரு கசிவுதானே? அதே சமயம், மேடம் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து நிமிடம் நான் சொல்லியிருப்பேன், அவரும் கேட்டிருப்பார். அந்தப் பத்து நிமிடத்தை அவர் வேண்டாம் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பேனோ என்னவோ.

கேஸைப் பேசாமலும் இந்தத் தொழிலைக் கற்க முடியாது. தனியாக ஒரு மூத்தவரிடம் காசு கொடுத்து மாதாமாதம் கலந்து பேச என் சம்பாத்தியம் இடம் தருவதில்லை. இந்த மாதிரி நாட்கள்தான் எங்களில் பலருக்கும் பள்ளிக்கூடம். இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

அடுத்த வாரம் அவர் வழக்கம்போல ஆலோசனைக்கு வந்தார். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் என் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும் என்று விட்டுவிட்டேன். இது அக்கறையா, அவர் வருவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயமா? அன்று அவர் அந்தப் பழக்கத்தைப் பற்றி மறுபடி பேசினார். எப்போதும் குறிப்பெடுக்கும் நான் நோட்டை மூடியே வைத்திருந்தேன். "இன்னைக்கு எழுதலையா சார்?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கூட்டத்தன்று சாப்பாட்டு வரிசையில் மேடத்திடம் என் கார்டைக் கொடுத்திருந்தேன். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டார். போன மாதம் போன் செய்தார். ஓர் அம்மாவை என்னிடம் அனுப்புகிறாராம். என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"பேரு மட்டும் சொல்றேன் சார். மத்ததை அவங்களே சொல்லட்டும்."